தர்மபுரி, கிருஷ்ணகிரி வெயிலுக்கு ஒரு வௌவால் பெட்டி: இடம் பார்ப்பது முதல் மாட்டிப் பராமரிப்பது வரை

இணையத்தில் கிடைக்கும் வௌவால் பெட்டி வரைபடங்களில் பெரும்பாலானவை குளிர் நாடுகளுக்காக வரைந்தவை. கறுப்பு வண்ணம் அடியுங்கள், தெற்கு பார்த்து வையுங்கள், நாள் முழுக்க வெயில் படட்டும் என்று அவற்றில் எழுதியிருக்கும். அங்கே அது சரி. குட்டி வளரச் சூடு வேண்டும், வெளியில் சூடு கிடையாது. அதே பெட்டியைச் சித்திரை மாதத்தில் அரூரிலோ ஊத்தங்கரையிலோ மாட்டினால் உள்ளே குடியேறும் வௌவால் வெந்துபோகும். ஸ்பெயின் நாட்டிலேயே கோடை வெப்ப அலையின்போது பெட்டிக்குள் வௌவால்கள் சூடு தாங்காமல் செத்தது பதிவாகியிருக்கிறது. நம் ஊர் வெயில் அதற்குக் குறைந்தது இல்லை.

ஆகவே இந்த வழிகாட்டியில் இடம், மரம், வண்ணம், காற்றோட்டம் எல்லாவற்றையும் சூட்டைக் கணக்கில் வைத்தே சொல்லியிருக்கிறேன். வெட்டும் அளவுகளைவிட இடம் பார்ப்பதைப் பற்றி அதிகம் எழுதியிருப்பதற்கும் அதுதான் காரணம். அளவு கால் அங்குலம் தவறினால் வௌவால் பொறுத்துக்கொள்ளும். மேற்குச் சுவரைப் பொறுத்துக்கொள்ளாது.

எந்த வௌவால் வரும், எது வராது

கிருஷ்ணகிரிப் பக்கம் வௌவால் பெட்டி என்று சொன்னதும் பக்கத்துத் தோட்டக்காரர் முதலில் கேட்பது மாங்காயைப் பற்றித்தான். செந்தூரா பழுக்கும் நேரத்தில் இரவோடு இரவாகக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும் பெரிய வௌவாலை மனதில் வைத்துக் கேட்பார். நியாயமான கேள்வி. அது பழந்தின்னி வௌவால். இறக்கையை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். ஆலமரம், புளியமரம், மருதமரம் என்று திறந்த கிளைகளில் கூட்டமாகத் தொங்கும். நாம் செய்யப்போகும் பெட்டியில் அறையின் அகலம் முக்கால் அங்குலம்தான். பழந்தின்னியின் தலைகூட நுழையாது. இதை அளவோடு சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். பெட்டியையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கோயில் மண்டபத்திலும் கோட்டைச் சுரங்கத்திலும் பாறைக் குகையிலும் கூரையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கும் இனங்களும் பெட்டிக்கு வராது. அவற்றுக்குப் பறந்து நுழையும் அளவுக்கு அகன்ற இருட்டறை வேண்டும்.

பெட்டி யாருக்கு என்றால், இடுக்கில் உடம்பை நெருக்கி ஒட்டிக்கொண்டு பகலைக் கழிக்கும் பூச்சி வௌவால்களுக்கு. இவற்றில் மிகச் சிறியது பிப்பிஸ்ட்ரெல் வகை. இறக்கையை மடக்கினால் தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும், எடை சில கிராம்தான். ஓட்டு வீட்டின் இடுக்கு, கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள வெடிப்பு, மின்சாரப் பெட்டியின் பின்பக்கம் என்று எங்கும் இருக்கும். அடுத்தது ஸ்கோட்டோபிலஸ் வகை. கொஞ்சம் பெரியது, சில இனங்களுக்கு வயிற்றுப் பக்கம் மஞ்சளாக இருக்கும். பனைமரத்தில் காய்ந்து தொங்கும் மட்டைக் கற்றைக்குள்ளும் தங்கும். இந்த இரண்டையும் நினைத்துத்தான் கீழே அறை அகலங்களைக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பக்கம் இவை இருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ளச் செலவே இல்லை. சூரியன் மறைந்து கால் மணி நேரம் கழித்து மாடியில் நின்று, வெளிச்சம் முழுதாகப் போகாத மேற்கு வானத்தைப் பாருங்கள். தலைக்கு மேலே இங்குமங்கும் வெட்டி வெட்டித் திரும்பிப் பறப்பவை பூச்சி வௌவால்கள். நேராக, நிதானமாக, காகம்போல இறக்கையடித்துப் போவது பழந்தின்னி. சில மாலை பார்த்தும் சிறியது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்றால் பெட்டி செய்வதைத் தள்ளிப்போடலாம். இல்லாத வௌவாலைப் பெட்டி வரவழைக்காது.

கொசுவுக்காகச் செய்கிறீர்களா?

ஒரு வௌவால் மணிக்கு ஆயிரம் கொசு தின்னும் என்று எங்கும் எழுதுகிறார்கள். இந்த மாதிரிக் கணக்குகளின் வேர், 1960-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. மூடிய அறைக்குள் கொசுக்களை விட்டு, வௌவால் எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். வெளியில் பறக்கும் வௌவால் கொசுவை மட்டும் தேடித் திரியாது. அந்துப்பூச்சி, வண்டு, ஈசல், தத்துப்பூச்சி என்று கிடைப்பதைத் தின்னும். போதாக்குறைக்கு டெங்கு கொசு கடிப்பது பகலில், அப்போது வௌவால் தூங்கிக்கொண்டிருக்கும். கொசுவுக்காக என்றால் தண்ணீர்த் தொட்டியை மூடி வைப்பதே பலன் தரும்.

தோட்டம் வைத்திருப்பவருக்கு வேறு காரணம் இருக்கிறது. பாலக்கோடு பக்கம் தக்காளியைக் குடையும் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி, 2018-இல் இந்தியாவுக்குள் வந்து மக்காச்சோளத்தைப் பதம் பார்த்த படைப்புழுவின் அந்துப்பூச்சி, இரண்டுமே இரவில் பறப்பவை. ஸ்பெயினின் எப்ரோ ஆற்றுக் கழிமுகத்தில் நெல் வயல்களில் பெட்டி வைத்தார்கள். அதில் குடியேறிய பிப்பிஸ்ட்ரெல் வௌவால்கள் நெல் தண்டுத் துளைப்பானை அடக்கி வைக்க உதவியது ஆய்வில் பதிவாகியிருக்கிறது. அதற்காக மருந்தடிப்பதை நாளையே நிறுத்திவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பெட்டி ஒரு தோட்டத்தைக் காப்பாற்றாது. மாம்பழ ஈ போலப் பகலில் நடமாடும் பூச்சிக்கு வௌவாலால் ஒன்றும் செய்யவும் முடியாது.

முதல் வேலை: இடம் பார்ப்பது

மரம் வாங்குவதற்கு முன் இடத்தை முடிவு செய்யுங்கள். சுவருக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி, கூரை எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதெல்லாம் இடத்தைப் பொறுத்தது.

நமக்குச் சரிப்படும் இடம் கிழக்குச் சுவர், அதுவும் மேலே சன்ஷேடோ நீட்டிய கூரையோ இருக்கும் பகுதி. காலை வெயில் பெட்டியைக் கொஞ்சம் சூடாக்கும், மார்கழிப் பனியில் அது வௌவாலுக்குத் தேவை. பதினோரு மணிக்கு மேல் சன்ஷேடும், உச்சிக்குப் பிறகு சுவரும் நிழல் கொடுத்துவிடும். மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம். பிற்பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவு எட்டு மணி வரை கொதிக்கும்.

வடக்குச் சுவர் எப்போதும் நிழல்தானே என்று தோன்றும். தர்மபுரி ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை நடுவில் தொடங்கி ஆவணித் தொடக்கம் வரை உச்சிச் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கும். அதாவது கத்திரி வெயிலில் வடக்குச் சுவருக்கும் வெயில் வரும். சூரியன் தலைக்கு மேலே நிற்பதால் ஒன்றரை அடி சன்ஷேடு இருந்தாலே உச்சி வெயிலைத் தடுத்துவிடும். மாலைச் சாய்வு வெயில்தான் சன்ஷேடுக்கு அடியில் புகுந்து அடிக்கும். சன்ஷேடு இல்லாத வடக்குச் சுவரைத் தவிர்க்கலாம்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். தை மாத இரவுக் குளிர் அங்கே நிஜமாகவே கடிக்கும். கிழக்கோ தென்கிழக்கோ பார்த்து, காலை வெயில் நான்கைந்து மணி நேரம் விழும் இடமாகப் பாருங்கள். வத்தல்மலைக்கும் இதே கணக்குதான்.

உயரம், பெட்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து 12 அடியாவது இருக்க வேண்டும். 15 அடி கிடைத்தால் நல்லது. வௌவால் பெட்டியிலிருந்து கீழே விழுந்துதான் இறக்கையை விரித்துப் பறக்கத் தொடங்கும். அந்த விழும் பாதையில் கொடி, கேபிள் ஒயர், துணி காயும் கம்பி எதுவும் இருக்கக் கூடாது. ஒற்றை மாடி வீட்டில் இந்த உயரம் எப்படி என்றால், மொட்டை மாடியில் படிக்கட்டு ஏறி முடியும் இடத்தில் ஒரு சிறு அறை இருக்குமே, அதன் கிழக்குச் சுவர் இருக்கிறது. அங்கே மாட்டுவதாக இருந்தால் மாடித் தரைக்கு மேல் 7 அடியாவது விடுங்கள். அடியில் வடகமோ வற்றலோ காய வைக்கும் பழக்கம் இருந்தால் வீட்டில் முதலில் பேசி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். எச்சம் விழும்.

எச்சம் விழும் என்பதாலேயே வாசலுக்கு மேல், ஜன்னலுக்கு மேல், திறந்த கிணற்றுக்கு மேல், மாட்டுத் தொட்டிக்கு மேல் வைக்கக் கூடாது. தெருவிளக்கோ வாசல் எல்.இ.டி. விளக்கோ பெட்டியின் வாயில் நேராக அடிக்கும் இடமும் ஆகாது. வெளிச்சம் இருந்தால் வௌவால் வெளியே வரத் தாமதிக்கும், இரை நிறையக் கிடைக்கும் முதல் அரை மணி நேரம் வீணாகும். ஏரி, குளம், ஆற்றங்கரை அரை கிலோமீட்டருக்குள் இருந்தால் வாய்ப்பு கூடும். பாரூர் ஏரிக்கரை, கே.ஆர்.பி. அணைப் பாசனப் பகுதி, காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணையை ஒட்டிய தோட்டங்கள் எல்லாம் இந்த வகையில் கொடுத்து வைத்தவை.

மரத்தில் மாட்டலாமா என்று பலரும் கேட்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. கிளை வழியாகப் பூனையும் சாரைப் பாம்பும் வரும், காகம் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து காத்திருக்கும், இலை பறக்கும் வழியை அடைக்கும். தென்னையில் மட்டை விழும். தோட்டத்தில் சுவரே இல்லை என்றால் பம்புசெட் கொட்டகைச் சுவரைப் பாருங்கள். அதுவும் இல்லை என்றால் 3 அங்குல ஜி.ஐ. பைப்பைக் கான்கிரீட் போட்டு நட்டு அதன் மேல் வைக்கலாம். பைப்பில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு தகரக் கூம்பைக் கவிழ்த்து மாட்டினால் பூனையும் பாம்பும் ஏறாது. ஆனால் வெட்டவெளியில் தனியாக நிற்கும் பெட்டிக்கு எல்லாப் பக்கமும் வெயில். கிழக்கே தள்ளி நட்டு, பெரிய மரம் ஒன்றின் பிற்பகல் நிழல் அதன் மேல் விழும்படி பார்க்க வேண்டும். கிளைக்கும் பெட்டிக்கும் 15 அடி இடைவெளி இருக்கட்டும்.

மரம் வாங்குதல்

திடமான மரப்பலகை நல்லதுதான், ஆனால் நம் வெயிலில் வளைந்து இடுக்கு விட்டுப்போகும். நான் சொல்வது பி.டபிள்யூ.பி. தரப் பிளைவுட், அதாவது கொதிநீர் தாங்கும் வகை. முதுகுப் பலகைக்கும் பக்கப் பலகைகளுக்கும் 19 மி.மீ., மற்றவற்றுக்கு 12 மி.மீ. ஆசாரி கணக்கில் 6 நூல், 4 நூல் (ஓர் அங்குலத்துக்கு 8 நூல்). 12 மி.மீ. பலகை 8-க்கு 4 அளவில் பாதி போதும். 19 மி.மீ. இன்னும் குறைவு. யார் வீட்டிலாவது அலமாரி வேலை நடந்தால் மிச்சத் துண்டுகளிலேயே முடிந்துவிடும்.

பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய மரம், பழைய ரயில் கட்டை, கரையான் மருந்து அடித்த பலகை இவற்றைத் தொடாதீர்கள். வௌவால் தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி, உடம்பில் ஒட்டியது வயிற்றுக்குள் போகும். தகரத்தாலும் பிளாஸ்டிக் டிரம்மாலும் பெட்டி செய்து காட்டும் வீடியோக்கள் இருக்கின்றன. நம் ஊருக்கு அவை அடுப்பு.

வெட்டும் அளவுகள்

பெட்டிக்குள் மூன்று அறைகள். பின் அறையும் நடு அறையும் 6 நூல் அகலம், முன் அறை ஓர் அங்குலம்.

- முதுகுப் பலகை (19 மி.மீ.): அகலம் 18 அங்குலம், உயரம் 35 அங்குலம்
- பக்கப் பலகை 2 (19 மி.மீ.): அகலம் மூன்றரை அங்குலம், பின் ஓர உயரம் 30 அங்குலம், முன் ஓர உயரம் 29 அங்குலம்
- முன் பலகை (12 மி.மீ.): அகலம் 18 அங்குலம், இரண்டு துண்டு. மேல் துண்டு உயரம் 22 அங்குலம், கீழ்த் துண்டு ஆறரை அங்குலம்
- தடுப்புப் பலகை 2 (12 மி.மீ.): அகலம் பதினாறரை அங்குலம், உயரம் 26 அங்குலம்
- உள்கூரை (12 மி.மீ.): 22-க்கு 8 அங்குலம்
- மேல்கூரை (12 மி.மீ.): 24-க்கு 10 அங்குலம்
- ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்): 6 நூல் சதுரத்தில் சுமார் 15 அடி, ஓர் அங்குலச் சதுரத்தில் சுமார் 7 அடி

தடுப்பு 26 அங்குலம்தான், பெட்டி அதைவிட உயரம். அந்த மேல் மூன்று அங்குல இடைவெளி வழியாக வௌவால் ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். அதோடு ஒவ்வொரு தடுப்பிலும் கீழிருந்து 10 அங்குல உயரத்தில் ஒன்றேகால் அங்குல ஓட்டை இரண்டு போட்டு, ஓரத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிடுங்கள். முன் அறை சூடானால் பின் அறைக்கு, மேலே சூடானால் கீழே என்று நகர வழி இருக்க வேண்டும். பெட்டி உயரமாக இருப்பதும் இதற்குத்தான். ஒன்றரை அடிக் குட்டைப் பெட்டியில் மேலும் கீழும் ஒரே சூடு.

பக்கப் பலகைகளில் கீழிருந்து 6 அங்குலம் விட்டு, நடு அறைக்கு நேராக, 4 நூல் அகலத்தில் 6 அங்குல நீளத்துக்கு நெட்டுக்குத்தாக ஒரு காற்றுப் பிளவு வெட்டுங்கள். முன் பலகையின் இரண்டு துண்டுக்கும் நடுவில் விடப்போகும் 4 நூல் இடைவெளி முன் அறைக்கான காற்றுப் பிளவு. பின் அறைக்குப் பிளவு கிடையாது. பனிக்காலத்தில் அதுதான் அடக்கமான அறை.

கீறல் போடுதல்

இதைத்தான் கடையில் விற்கும் பெட்டிகள் பலவற்றில் சரியாகச் செய்வதில்லை. வழவழப்பான பலகையில் வௌவால் கால் பதிக்க முடியாது. முதுகுப் பலகையின் இரு பக்கமும், தடுப்புகளின் இரு பக்கமும், முன் பலகையின் உள்பக்கமும் படுக்கைவாட்டில் 4 நூலுக்கு ஒரு கோடாக ரம்பத்தால் கீறுங்கள். ஆழம் ஒரு மி.மீ. போதும். ஆழமாகப் போனால் பிளைவுட்டின் மேல் ஏடு உரிந்து சிலும்பும், அது இறக்கைச் சவ்வைக் கிழிக்கும். முதுகுப் பலகையின் கீழ் 5 அங்குலம் பெட்டிக்கு வெளியே நீண்டு நிற்கப்போகிறது. பறந்து வரும் வௌவால் அங்கேதான் வந்து ஒட்டி, மேலே ஊர்ந்து உள்ளே போகும். அங்கே கீறல் நெருக்கமாக இருக்கட்டும்.

கம்பி வலை அடிக்காதீர்கள். நகம் மாட்டும், துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் வலையும் வெயிலில் தளர்ந்து தொங்கிக் குட்டியைச் சிக்க வைக்கும். கீறலுக்கு ஈடு எதுவும் இல்லை.

பூட்டுதல்

முதுகுப் பலகையைத் தரையில் கிடத்துங்கள். மேல் விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பக்கப் பலகைகளை இரு ஓரத்திலும் நிறுத்தி, தண்ணீர் தாங்கும் மரப்பசை தடவிப் பின்னாலிருந்து ஸ்க்ரூ போடுங்கள். ஆணி வேண்டாம், வெயிலிலும் மழையிலும் பலகை அசைந்து ஆணி வெளியே வந்துவிடும். எந்த ஸ்க்ரூ முனையும் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, பக்கப் பலகையை ஒட்டி உள்பக்கம் 6 நூல் ரீப்பர் 26 அங்குலத்தில் பக்கத்துக்கு ஒன்று. அதன் மேல் முதல் தடுப்பு, கீழ் விளிம்பு பக்கப் பலகையின் கீழ் விளிம்போடு சமமாக. அப்புறம் நடு அறைக்கான 6 நூல் ரீப்பர். இதை முழுசாக வைத்தால் பக்கக் காற்றுப் பிளவை அடைத்துவிடும். எனவே பக்கத்துக்கு இரண்டு துண்டாக, கீழே 6 அங்குலம், மேலே 14 அங்குலம் என்று வெட்டி நடுவில் பிளவுக்கு இடம் விடுங்கள். பிறகு இரண்டாவது தடுப்பு. அதன் மேல் ஓர் அங்குல ரீப்பர் பக்கத்துக்கு ஒன்று. கடைசியில் முன் பலகைத் துண்டுகள், இடையில் 4 நூல் விட்டு.

அடிப்பலகை கிடையாது. இதை ஆசாரியிடம் ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லுங்கள். “அடி இல்லாம எப்படிங்கண்ணா நிக்கும்?” என்று கேட்டுவிட்டு, நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் அன்போடு ஒரு அடிப்பலகை வைத்துத் தந்துவிடுவார். கீழே திறந்திருந்தால்தான் எச்சம் தானாக விழும், குருவி கூடு கட்டாது, மழைத் தண்ணீர் தேங்காது.

முன் பலகையின் மேல் விளிம்பை இழைப்புளியால் சாய்வுக்கு ஏற்பச் சீவி, உள்கூரையை ஸ்க்ரூ போட்டு மூடுங்கள். இணைப்புகளில் வெளிப்பக்கம் மட்டும் சிலிகான். உள்கூரையின் மேல் ஓர் அங்குல ரீப்பர் இரண்டைச் சுவரிலிருந்து முன்பக்கமாகப் போகும்படி வைத்து, அதன் மேல் மேல்கூரை. வெயிலை மேல்கூரை வாங்கிக்கொள்ளும், நடுவில் காற்று ஓடும், உள்கூரை நிழலில் இருக்கும். இந்த இரட்டைக் கூரைக்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு துண்டுப் பலகைதான். சமவெளியில் இருப்பவர்கள் இதை விட்டுவிடாதீர்கள். ஓசூர்க்காரர்கள் விட்டுவிடலாம்.

முதுகுக்குப் பின்னால் இரு ஓரமும் 6 நூல் ரீப்பரை நெட்டுக்குத்தாக அடித்துவிடுங்கள். சுவரில் மாட்டும்போது அங்கே முக்கால் அங்குல இடைவெளி கிடைக்கும், அதுவே நான்காவது அறை. முதுகின் வெளிப்பக்கமும் கீறச் சொன்னது இதற்காக.

வண்ணம்

வெளிப்பக்கம் மட்டும். தண்ணீரில் கலக்கும் வெளிச்சுவர் எமல்ஷன், ஒரு ப்ரைமர், இரண்டு பூச்சு. தர்மபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரைக்கு வெள்ளை அல்லது வெளிறிய சந்தன நிறம். ஓசூர், தளிக்கு நடுத்தரப் பழுப்பு. கூரைக்கு எங்கும் வெள்ளை. உள்ளே எதுவும் அடிக்க வேண்டாம், எண்ணெய், வார்னிஷ், வேப்பெண்ணெய் எதுவும். வாடை போக ஒரு மாதம் நிழலில் காற்றாட வையுங்கள்.

மாட்டுவதற்கு முன் சூடு பார்த்தல்

ஒயர் வைத்த சிறிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் மின் சாமான் கடையிலும் மீன் தொட்டிக் கடையிலும் கிடைக்கும். பெட்டியைத் தேர்ந்த இடத்தில் தற்காலிகமாகக் கட்டி, ஒயர் முனையை நடு அறையின் மேல்பகுதியில் தொங்கவிட்டு, நல்ல வெயில் நாட்களில் பகல் 12 மணியிலிருந்து 5 மணி வரை அவ்வப்போது குறித்துக்கொள்ளுங்கள். அதிகபட்சம் 38 டிகிரி செல்சியஸுக்குள் நின்றால் நிம்மதி. 40-ஐத் தாண்டினால் அந்த இடம் சரியில்லை. இடத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் மேலே நிழலைக் கூட்டுங்கள்.

இதனால்தான் பெட்டியைத் தை, மாசியில் செய்து முடிப்பது நல்லது. பங்குனி, சித்திரையில் சோதித்து, ஆடிக் காற்றுக்கு முன் நிலையாக மாட்டிவிடலாம். ஐப்பசியில் மாட்டிவிட்டு இதமாக இருக்கிறது என்று திருப்திப்படுவது ஏமாற்றம். பெட்டியின் உண்மை சித்திரையில்தான் தெரியும்.

மாட்டுதல்

பெட்டி 15 கிலோவுக்கு மேல் வரும். தனியாக ஏணியில் ஏறாதீர்கள். ஒருவர் மேலிருந்து கயிற்றில் தாங்க, இன்னொருவர் முடுக்குவதுதான் முறை. ஈ.பி. சர்வீஸ் ஒயர் பக்கத்தில் போனால் அந்தச் சுவரையே மறந்துவிடுங்கள்.

முதுகு ரீப்பர்களோடு இரண்டு எல் ஆங்கிள் மேலே, இரண்டு கீழே. செங்கல் சுவர் என்றால் சாந்து இணைப்பில் துளை போடாமல் செங்கல்லின் நடுவில் போட்டு ஆங்கர் போல்ட் இறக்குங்கள். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண ஆங்கர் பிடிக்காது. தூண் அல்லது லிண்டல் ஓடும் இடம் பார்த்துப் பிடியுங்கள். ஆடி மாதக் காற்றில் பெட்டி ஆடினால் வௌவால் தங்காது.

இரண்டு பெட்டி செய்ய முடிந்தால் ஒன்றைக் கிழக்கிலும் மற்றொன்றைச் சன்ஷேடு உள்ள வடக்கிலும் மாட்டுங்கள். எது பிடிக்கிறது என்று அவையே தேர்ந்துகொள்ளும். பருவத்துக்குப் பருவம் இடம் மாறவும் செய்யும்.

மாட்டிய பிறகு

வேலை எதுவும் இல்லை, காத்திருக்க வேண்டும். சில மாதத்திலும் வரலாம், இரண்டு வருஷமும் ஆகலாம், வராமலும் போகலாம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 1929-இல் கொசுவை ஒழிக்க ஒரு பெரிய வௌவால் கோபுரத்தையே கட்டினார்கள். கடைசி வரை வௌவால் குடியேறவில்லை. வேறு இடத்திலிருந்து பிடித்து வந்து அடைப்பது, எச்சத்தைக் கரைத்துப் பெட்டிக்குள் பூசுவது போன்ற யோசனைகளால் பலன் கிடையாது. சில இனங்களைப் பிடிப்பது சட்டப்படியும் சிக்கல்.

வந்துவிட்டதா என்று பார்க்க ஏணி போட்டு டார்ச் அடிக்க வேண்டாம். அடியில் வெள்ளைச் சாக்கை விரித்து வையுங்கள். காலையில் அரிசி அளவில் கறுப்பாக எச்சம் கிடந்தால் ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். வௌவால் எச்சம் பொடிப்பொடியாக உதிரும், பூச்சி இறக்கைத் துணுக்குகள் மினுங்கும். எலிப் புழுக்கை கெட்டியாக இருக்கும். பல்லி எச்சத்தின் நுனியில் வெள்ளை இருக்கும். உறுதியானதும் ஒரு மாலை தள்ளி உட்கார்ந்து, வெளியே வருவதை எண்ணலாம்.

குளவியும் எறும்பும்தான் நிரந்தரத் தொல்லை. வருஷத்துக்கு ஒருமுறை, உள்ளே யாருமில்லை என்று சில மாலை பார்த்து உறுதி செய்த பிறகு, நீளக் குச்சியால் மண்கூடுகளைத் தட்டிவிடுங்கள். பூச்சி மருந்து தெளிக்காதீர்கள், பெட்டிக்குள்ளும் சரி, பெட்டியைச் சுற்றியும் சரி. வௌவால் இருக்கும்போது, அதுவும் குட்டி இருக்கும் காலத்தில், கை வைக்கவே கூடாது. ஓர் ஈற்றுக்கு ஒன்றிரண்டு குட்டிதான் போடும், பதறிய தாய் குட்டியை நழுவவிட்டால் அந்த ஈற்றுக் கணக்கு முடிந்தது.

கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். தடித்த துணியாலோ தோல் கையுறையாலோ எடுத்து, இருட்டும் நேரத்தில் ஆளுயரத்தில் சுவரிலோ மரப்பட்டையிலோ ஒட்டிவிட்டால் ஊர்ந்து மேலேறிப் பறந்துவிடும். கடித்தாலோ நகம் கீறினாலோ ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் சோப்பு போட்டுக் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள்.

கேரளத்தில் நிபா செய்தி வரும்போதெல்லாம் அக்கம்பக்கத்தில் பெட்டியைக் கழற்றச் சொல்வார்கள். நிபா வைரஸ் இயற்கையில் தங்குவது பழந்தின்னி வௌவால்களில். பெட்டியில் வருவது அந்த இனம் இல்லை. அணிலோ வௌவாலோ கடித்துப் போட்ட பழத்தைத் தின்னக் கூடாது என்பது பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

எச்சம் நல்ல உரம், தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்கினால் தூசி மூச்சுக்குள் போகும், அதில் பூஞ்சை இருக்கலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு வாரி, மக்கும் குப்பையோடு சேர்த்து மக்கவிட்டுப் பிறகு ரோஜாவுக்கோ கறிவேப்பிலைக்கோ போடுங்கள்.

இரண்டு வருஷமாக யாரும் வரவில்லை என்றால்

முதலில் மறுபடியும் சூட்டைப் பாருங்கள். பக்கத்தில் புதிதாகக் கட்டிய வீடு காற்றை மறித்திருக்கலாம், நிழல் கொடுத்த மரத்தை வெட்டியிருக்கலாம். புதுத் தெருவிளக்கு வந்திருந்தாலும் போதும். அதே சுவரில் சில அடி தள்ளி மாட்டிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், பெரும்பாலும் பக்கத்து ஓட்டு வீட்டில் அவை வசதியாக இருக்கின்றன என்று அர்த்தம். பெட்டியைக் கழற்ற வேண்டாம்.

அந்த ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போடப் போகிறார்கள் என்று தெரிந்தால் உங்கள் பெட்டிக்கு வேலை வந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். பெட்டி ஒரு பருவமாவது முன்பே அருகில் தொங்கிக்கொண்டிருந்தால் நல்லது. குட்டி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அவை பறக்கும் வரை, சில வாரம், வேலையைத் தள்ளி வைக்கக் கேளுங்கள். பிரிக்கும் நாளில் ஓடுகளை மாலையில், வௌவால்கள் வெளியே போன பிறகு எடுக்கத் தொடங்கச் சொல்லுங்கள். முதலில் கூரையின் ஒரு மூலையில் சில ஓடுகளை மட்டும் எடுத்துவிட்டு இரண்டு நாள் விட்டால், வெளிச்சமும் காற்றும் புகுந்து மிச்சம் இருப்பவையும் தாமாகவே இடம் மாறிவிடும். அதன் பிறகு ஆட்கள் முழுக் கூரையையும் இறக்கலாம்.